பழனியாண்டி பத்து, சின்னராசா பத்து

ஜூட் சேருக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிற மனுசன். காவிகளை, அதாவது திசையுள்ள விசைகளை, கூட்டச் சொன்னால், திசையைப் பார்க்காமல் பத்தும் பத்தும் இருபது என்று எழுதும் பிள்ளைகளோடு வருசக்கணக்காக மாரடிக்கிறார்.

லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில்தான் குடியிருப்பு. மனைவி ஷிராணி அங்கே பேர் பதிந்து கொழுந்து எடுப்பதால் அந்த வீடு அவர்களிடம் இருக்கிறது. வீட்டோடு ஒட்டி ஒரு சமையலறை கட்டி, கூரை போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குக் கொஞ்சம் கீழே, புயலில் வேர் ஆடிப்போன ஒரு யூக்கலிப்டஸ் மரம். யார் தலையில் விழுமோ என்று லயமே பயந்து கிடந்தது. வெட்ட ஒருவழியாக அனுமதி வந்தது.

மரம் வடக்குக்கும் வடமேற்குக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் விழ வேண்டும். அந்தப் பக்கம் நின்று இழுக்கக் கால் வைக்க இடமில்லை. வடக்கே ஒற்றையடிப் பாதை, மேற்கே ரோடு. இரண்டிலும் ஆள் நிறுத்தி, ஆளுக்கொரு கயிறாக இழுப்பது என்று முடிவானது. தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கம். வடக்குக் கயிறு பழனியாண்டித் தலைவருக்கு, மேற்குக் கயிறு சின்னராசாத் தலைவருக்கு. இரண்டு பக்கமும் பத்துப் பத்து ஆள். ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

ஞாயிறு காலை ஜூட் கணக்குப் போட்டுப் பார்த்தார். மேற்கே பத்து, வடக்கே பத்து. விளையுள், அதாவது இரண்டும் சேர்ந்த இழுப்பு, பதினான்கு சொச்சம். கோணத்தைக் கேட்டால் கால்குலேட்டர் மரத்தைத் தென்கிழக்கில், மாரியம்மன் கோயில் மேல் போட்டது. மேற்கு மறைப் பெறுமானம், கழித்தல் குறி, அதனால் கோணத்தோடு நூற்றெண்பதைக் கூட்ட வேண்டும் என்று பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துகிறவர் அவர்தான். கூட்டினார். இப்போது கணக்கில் மரம் நேர் வடமேற்கில் விழுந்தது. அங்கே இருப்பது அவருடைய சமையலறை.

தலைவர்கள் நின்ற இடத்துக்கு ஓடிப்போய், "ரோட்டுப் பக்கம் அஞ்சு பேரைக் குறைங்க, மரம் பள்ளத்துக்குப் போயிரும்" என்றார்.

"ஏன் சேர், என் ஆளுங்கள மட்டும் குறைக்கணும்?" என்றார் சின்னராசா.

"அப்ப வடக்கால பத்துப் பேரைக் கூட்டுங்க."

"அவரு இருபது, நானு பத்தா? சபையில தலைகாட்ட வேணாமா?"

பழனியாண்டி மீசையைத் தடவிக்கொண்டு, "நாங்க கூட்டுறதுக்கு ரெடி சேர்" என்றார். அதைக் கேட்டதும் சின்னராசாவின் ஆட்கள் கயிற்றையே கீழே போட்டார்கள்.

"அட, இது சங்கத் தேர்தலா? வீட்டு மேல மரம் விழப்போகுது!" ஜூட் கத்தினார். கடைசியில் தலையில் அடித்துக்கொண்டார். "வடக்கால தனியா மூணாவது கயிறு ஒண்ணு போடணும். ரெண்டு சங்கமும் சேராம பத்து ஆள் வேணும். எங்க போவேன்? ஆளே இல்லையே!"

பிளேன்டீ வாளியோடு வந்த ஷிராணி அதைக் கீழே வைத்தாள். பின்னால் வந்த பெண்களைப் பார்த்து ஒரு சத்தம்தான் போட்டாள். சங்கக் கணக்கில் பெண்களும் உண்டு, சந்தாவும் போகிறது. ஆனால் இரண்டு தலைவர்களும் அன்று எண்ணியதில் ஒருத்தியும் வரவில்லை. அதனால் பத்துக்குப் பத்து என்ற கணக்கும் கெடவில்லை. பத்துப் பெண்கள் மூன்றாவது கயிற்றைப் பிடித்து வடக்கே ஏறினார்கள். மேற்கே பத்து, வடக்கே இருபது.

மரம் அறுத்த வாள் ஓய்ந்தது. மூன்று கயிறும் விறைத்தன. மரம் முறிந்து, சமையலறைக்கு நன்றாக விலகி, பள்ளத்தில் போய் விழுந்தது.

விழுந்தது யார் இழுப்பில் என்று தலைவர்கள் உடனே தொடங்கிவிட்டார்கள். ஜூட் அதைக் கவனிக்கவில்லை. ஷிராணி கயிறு அறுத்த உள்ளங்கையை ஊதிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, ஆளே இல்லைனு கத்துனீங்களே. கூடைக் கொழுந்தோட தெனம் இந்த மலைய ஏறுறது யாருங்க?"

யார் மேலாவது எரிந்து விழலாம் என்று பார்த்தார் ஜூட். தன்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை.