ஜெனரலின் அப்பாவுக்கு என்ன வேலை?

அடுத்தவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிக் கொடுத்துப் பிழைப்பது, அந்த மனுஷரின் சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் தொழில். இதில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன வருஷம் எனக்கு வாய்த்தவர், கோல சிலாங்கூர்ப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ராணுவ ஜெனரலாக ஓய்வு பெற்றவர். அவருடைய குடும்பத்தையும் பிள்ளைப் பருவத்தையும் நான் எழுத வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "ஒரு வரி பொய் இருந்தாலும் புத்தகம் அச்சுக்குப் போகாதும்மா."

தாய்மாமன் படை

சேதி பரவியதுதான் தாமதம், புக்கிட் பெருந்துங்கில் ஒருவர், புக்கிட் செந்தோசாவில் மூவர் கிளம்பிவிட்டார்கள். எல்லாருமே தாய்மாமன்! அதில் ஒருவர் என்னை உட்கார வைத்து, ஜெனரலின் வீரம் முழுக்கத் தன் பக்கத்து ரத்தம் என்று ஒரு மணி நேரம் அளந்தார். சரி, ஜெனரலின் அம்மா பெயர் என்ன என்று கேட்டேன். மனுஷர் மோட்டுவளையைப் பார்த்தார். "எழுதுறவங்க நீங்க. அதையும் நானே சொல்லணுமா?"

மலைப்பாம்பு

புத்தக வெளியீட்டுக் குழுத் தலைவருக்கு ஒரு வீரக்கதை வேண்டுமாம். ஜெனரல் ஏழு வயதில் மலைப்பாம்பைப் பிடித்ததாகப் போடலாமே என்றார். எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று ஜெராமில் இருக்கும் ஜெனரலின் அக்காவிடம் போனேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "பாம்பா? வேலை வாங்குற மண்டோர் வீட்டு வான்கோழி கத்துனாலே என் பாவாடைக்குப் பின்னால ஒளிஞ்சிக்குவான்லா!"

பெரட்டு

தம்பி ஐந்து வயதிலிருந்தே விடியற்காலையில் அம்மாவோடு பெரட்டுக்குப் போவான் என்று சொன்னதும் அதே அக்காதான். வேலைக்காட்டுக்குப் போகுமுன் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. அம்மா ஒருநாள்கூடப் பிந்தியதில்லை. அம்மா பேரைக் கூப்பிட்டால் இவனும் சேர்ந்து, "வந்தாச்சு!" என்று கத்துவானாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உருகி உருகி எழுதினேன். பக்கம் அமைக்கும் பெண் பட்டணத்துப் பிள்ளை. படித்துவிட்டு உடனே போன் போட்டாள். "அக்கா, அஞ்சு வயசுலயே பரேட் போனாருன்னா, அவங்க அம்மாவும் ஆர்மியா?"

அப்பா விஷயம்

எல்லாவற்றிலும் பெரிய வம்பு இதுதான். 'தந்தை தோட்டத்துக் கிராணி' என்று எழுதச் சொன்னவர் பாம்புக் கதை கேட்ட அதே தலைவர். கிராணி என்றால் குமாஸ்தா; ஆபீஸ், பேனா, தனி வீடு என்று மரியாதையாக இருக்குமாம். லயத்தில் பிறந்தவரின் அப்பா எப்படிக் கிராணியாக இருப்பார் என்று யோசிக்க எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. எழுதி ஜெனரலுக்கு அனுப்பியும் தொலைத்தேன். மறுநாள் அக்காவிடம் போனில் சாடையாகக் கேட்டால், அப்பா வாய்க்கால் வெட்டினார், புல்லுக்கு மருந்தடித்தார் என்கிறார்!

அவ்வளவுதான், எட்டு மாத உழைப்புக்குப் பால் ஊற்றியாச்சு என்று நினைத்தேன். எத்தனை நேரம் பயந்துகொண்டே இருப்பது? நானே ஜெனரலுக்குப் போன் போட்டு, "தப்பு என்மேலதாங்கய்யா, விசாரிக்காம எழுதிட்டேன்" என்றேன். அந்தப் பக்கம் ஜெனரல் மெல்லச் சிரித்தார்.

"அந்த வரியை அடிக்கத்தான் பேனாவைத் திறந்து வச்சிருந்தேன். நீங்களே சொல்லிட்டீங்க, போகட்டும். புத்தகம் அச்சுக்குப் போகலாம். ஆனா சரியா எழுதுங்கம்மா. கண்ட வேலையும் செய்யுற ஆளுங்களுக்கு எஸ்டேட் சம்பளச் சீட்டுல 'ஜெனரல் வர்க்கர்'னு போடுவாங்க. எங்கப்பாவுக்கும் அதான் போட்டிருக்கும். எங்க குடும்பத்துல மொத ஜெனரல் அவருதான்."

அப்பாடா! சக பாவிகளே, பெரிய மனுஷரின் அப்பாவுக்கு நாம் ஆசையாகக் கொடுக்கும் பதவி உயர்வை முதலில் ரத்து செய்கிறவர் அவர் பெற்ற பிள்ளைதான்.