இருட்டாக எடுத்த படங்கள்

மழையில் நனைந்த காமிக்ஸ் புத்தகத்தைப் புரட்டினால் நாயகனின் சிவப்பு மேலங்கி விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும். அந்த மை வாசனையோடுதான் என் பத்து வயது எனக்கு நினைவுக்கு வருகிறது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டில் அந்தப் புத்தகங்களைச் சேர்த்துவைத்தவன், என்னைவிட ஐந்து வயது மூத்த அண்ணன் அருள். அந்த நாயகர்களை அம்மா மொத்தமாக "ஜட்டிக்காரனுங்க" என்பார்.

அந்தக் கதைகள் படமாக வந்தபோது பகல் காட்சிக்கு நாங்கள் இருவரும் போவோம். முதலில் புத்தகத்தின் வண்ணம் அப்படியே திரையில் இருந்தது. பிறகு படத்துக்குப் படம் நிறம் வடிந்தது. நீலம் கறுப்பானது, துணி தோலானது, நகரம் எந்நேரமும் மழையிலும் புகையிலும் கிடந்தது. பெரியவர்கள் மதிக்க வேண்டுமானால் படம் இருண்டிருக்க வேண்டும் என்று எடுத்தவர்கள் நினைத்தார்களோ என்னவோ.

அப்படியொரு படத்தில் அண்ணன் என் காதருகே குனிந்து, "யாரு அடிக்கிறான், யாரு அடி வாங்குறான்? ஒன்னும் தெரியல லா," என்றான். எனக்கும் பாதி தெரியவில்லை.

"ரொம்ப இருட்டா எடுத்திருக்காங்கண்ணே."

அதன்பின் ஒவ்வொரு படத்திலும் அதே கேள்வி, அதே பதில். வீட்டில் அவன் கதவில் இடித்துக்கொண்டபோதும் நாற்காலியில் தடுக்கியபோதும் "கவனமே இல்ல" என்று அம்மா திட்டினாரே தவிர, நாங்கள் யாரும் வேறெதையும் நினைக்கவில்லை.

எனக்குப் பதினான்கு வயதானபோது கிள்ளானில் ஒரு படம் பார்த்தோம். வண்ணம் திரும்பி வந்திருந்தது. மஞ்சள் வானம், ஊதாக் கடல், முன்வரிசைப் பிள்ளைகளின் கூச்சல். அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இன்னும் இருட்டாதான் எடுக்குறாங்களா?" என்று கேட்டான்.

நான் திரையையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். "ஆமாண்ணே," என்றேன்.

படம் முடிந்ததும் பின்னாலிருந்த சிறுமி தன் அப்பாவிடம், "எவ்ளோ கலர்ப்பா!" என்றாள். என் தோளைப் பிடித்துப் படியிறங்கிக்கொண்டிருந்த அண்ணனின் கை விலகியது.

"எத்தனை நாளா எங்கிட்ட பொய் சொல்ற?"

"இன்னைக்கு மட்டுந்தாண்ணே."

அவன் நம்பவில்லை. அடுத்த வாரம் அம்மா அவனைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். விழித்திரை நோய், பிறவியிலேயே வந்தது, முன்பே வந்து காட்டியிருந்தாலும் பார்வை போவதைத் தடுத்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னது அம்மாவுக்கு ஆறுதலாக இருந்தது. எனக்கு இல்லை.

இன்று ரயில்வே குடியிருப்பு நின்ற இடத்தில் அடுக்குமாடி எழுந்துவிட்டது. அந்தக் கிள்ளான் தியேட்டர் பர்னிச்சர் கிடங்காகிவிட்டது. புத்தகங்களை அண்ணனே பழைய பேப்பருக்குப் போடச் சொல்லிவிட்டான். ரவாங்கில் மனைவியோடு இருக்கும் அவனுக்கு இப்போது வெயிலும் தெரிவதில்லை. நான் போனால் அன்பாகத்தான் பேசுவான். ஆனால் கையிலிருக்கும் சட்டை என்ன நிறம் என்று தெரிய வேண்டுமானால், பக்கத்தில் நான் நிற்கும்போதே, சமையலறையில் இருக்கும் அண்ணியைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறான்.