மாடத்தில் இல்லாத சாமி

செல்லக்கனியைத் தூத்துக்குடியில் பேர் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. சுண்ணாம்புக்காரி என்றால் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஊருக்கு மேற்கே இருக்கிற புதுக்கோட்டைப் பக்கம் பனங்காட்டில் பிறந்து, கல்யாணமாகிக் கடற்கரைக்கு வந்தவள். சிப்பி பொறுக்கிச் சூளையில் சுட்டு, தண்ணீர் தெளித்துப் பூக்கவைத்துச் சலித்து விற்பாள். வெற்றிலைக்கானாலும் சுவருக்கானாலும் அவள் சுண்ணாம்புதான். உள்ளங்கை எந்நேரமும் வெடித்துக் கிடக்கும். புளி பட்டால் எரியும் என்று குழம்பு ஊற்றாமல் வெறும் மோருஞ்சோறாகத் தின்று எழுந்துவிடுவாள். கைதான் அப்படி, வாய்க்கு ஒரு குறையும் கிடையாது.

புருஷன் பிச்சையா தோணியில் பாய் கட்டுகிற ஆள். வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வருவான். அவன் கடலில் இருக்கும் நாட்களுக்குச் செல்லக்கனி தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். தோணி யாருடையதோ, அவர்களுடைய சாமிதான் தோணிக்குக் காவல். கரையில் இசக்கியம்மன் பார்த்துக்கொள்வாள். கடலில் அவளுக்கு என்ன அதிகாரம்? ரோச் முதலாளி தோணியில் பிச்சையா வேலை பார்த்த காலமெல்லாம் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிறகு அவன் மரைக்கார் தோணிக்கு மாறினான். அன்றைக்கே அவளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இனிமேல் அல்லாவிடமல்லவா போக வேண்டும்?

அல்லாவைப் பற்றி அவள் தெரிந்து வைத்திருந்ததெல்லாம் தெருவில் கேட்டதும் தானாக முடிச்சுப் போட்டதும்தான். முருகனுக்கு மயில் மாதிரி அவருக்குப் பிறை வாகனம். இல்லாவிட்டால் ஏன் மாடியேறிப் பிறையைத் தேடுகிறார்கள்? வெள்ளிக்கிழமை அவருக்கு உகந்த நாள். வெண்தாடி வைத்த கோபக்காரக் கிழவர். அரபு மட்டுந்தான் கேட்பார். பள்ளிவாசலின் மேற்குச் சுவரில் ஒரு மாடம் இருக்கிறது, அதற்குள் திரை போட்டு இருக்கிறார், வேற்று ஆள் கண்ணில் பட மாட்டார். இதில் ஒன்றையும் அவள் யாரிடமும் கேட்டுச் சரிபார்த்தவளில்லை. பிச்சையா போகும் தோணியின் தலைவர் சேகுமதார் தண்டலின் மனைவி மீராக்கனி பக்கத்துத் தெருதான். வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்க வருவாள், பேச உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது. அவளிடமும் கேட்டதில்லை. அடுத்த வீட்டுச் சாமியை அவர்களிடமே விசாரிப்பது மரியாதையில்லை என்று நினைத்தாள்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்தப் பங்குனியில் ஜப்பான்காரன் கொழும்புத் துறைமுகத்தில் குண்டு போட்டான். சேதி வந்த அன்றே தூத்துக்குடி காலியாகத் தொடங்கியது. மாட்டு வண்டி கிடைத்தவர்கள் வண்டியில், கிடைக்காதவர்கள் தலைச்சுமையோடு மேற்கே நடந்தார்கள். செல்லக்கனி தெருவின் அம்மன் சிலையைச் சாக்கில் சுற்றி விளாத்திகுளத்துக்கு அனுப்பினார்கள். எதிர்வீட்டு வேதக்காரப் பெண் பிளாரன்ஸ் வீட்டில் மாதா சொரூபத்தைச் சேலைக்குள் பொதிந்து எடுத்துப் போனார்கள். செல்லக்கனி மட்டும் நகரவில்லை. பிச்சையா அதே கொழும்பில் இருந்தான். திரும்பி வந்தால் வீட்டில் ஆள் வேண்டாமா?

தட்டானிடம் சொல்லி வெள்ளித் தகட்டில் சின்னதாக ஒரு தோணி செய்து வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். அல்லாவின் காலடியில் வைக்க வேண்டும், புருஷனை உயிரோடு கேட்க வேண்டும். எப்படி உள்ளே போவது என்பதுதான் தெரியவில்லை.

வழி தானாக வந்தது. நபி பிறந்த மாதத்து மவுலூதுக்கு முன்பே பள்ளிவாசலுக்கு வெள்ளையடித்திருக்க வேண்டும். பீதியில் ஆளில்லாமல் தள்ளிப் போயிருந்தது. இப்போது செல்லக்கனியின் சுண்ணாம்பைக் கேட்டு ஆள் விட்டார்கள். ஏணியில் ஏற ஆம்பளைகள் இரண்டு பேர், சட்டி சுமக்க அவள். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தூண்கள், பாய்கள், கோடியில் மேற்குச் சுவர். மாடம் இருந்தது. திரை இல்லை. கிட்டே போய்ப் பார்த்தாள். உள்ளேயும் ஒன்றுமில்லை. நம்ப முடியாமல் கையை விட்டுத் துழாவினாள். போன வருஷத்துச் சுண்ணாம்பு விரலில் உதிர்ந்தது.

சட்டியை அப்படியே போட்டாள். அது உடைந்து பாயெல்லாம் வெள்ளையாக ஓடியது.

“ஏ மோதினாரே! எங்கன கொண்டுபோயி ஒளிச்சு வச்சிருக்கீய?”

பாங்கு சொல்லும் மோதினார் மம்மாசா வெளியே கைகால் கழுவுகிற ஹவுல் தொட்டியருகே வாளியோடு நின்றவர், ஓடி வந்தார். “எதளா?”

“எதளாவா? உங்க சாமியத்தான்! புதுக்கோட்டைக்கா, விளாத்திகுளத்துக்கா? எங்க வீட்டு ஆம்பள கடல் தாண்டிக் குண்டுக்குள்ள கெடக்கு. காக்க வேண்டியவரத் தூக்கிட்டுப் போயிப் பத்திரப்படுத்திட்டு, செவத்துக்கா வெள்ளையடிக்கீய?”

ஏணியில் இருந்தவன் வெள்ளையடிக்கிற மட்டையைக் கையில் பிடித்தபடி திகைத்து நின்றான். மோதினார் காதைப் பொத்திக்கொண்டார். “அஸ்தஃபிருல்லா! அங்கன என்னைக்கும் ஒண்ணும் இருந்தது கெடையாதுளா. தொழுவுற தெச தெரியணும்ல, அதுக்கு அந்த மாடம். இமாம் அங்கன நின்னு தொழுவாரு. அம்புட்டுத்தான்.”

“பொய் சொல்லாதீரும். ஒண்ணுமே இல்லாத செவத்துக்கா ஒரு நாளைக்கு அஞ்சு வேளை குனியுதீய?”

“செவத்துக்கு எவன் குனிஞ்சான்? போயி மீராக்கனிட்ட கேளு, போ. நான் பாயைக் கழுவணும்.”

செல்லக்கனி ஓடினாள். கை காலெல்லாம் சுண்ணாம்பு, கண்ணெல்லாம் தண்ணீர். மீராக்கனி கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டதும் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறியது. தோழியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“ஏளா, அவனுக்கு உருவமே கெடையாது. செஞ்சு வைக்கவும் முடியாது, தூக்கிட்டு ஓடவும் முடியாது.”

“அப்போ அந்தப் பிறை?”

“மாசம் பொறந்தது தெரிய வேண்டாமா? நீ அமாவாசை பாக்கலியா? அது மாதிரி.”

“பொண்டாட்டி?”

“பொண்டாட்டி, புள்ள, அப்பன், ஆத்தா ஒண்ணும் கெடையாது. ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல. வாயில வாரதுக்கு அவன்னு சொல்லுதோம்.”

செல்லக்கனி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். “பாவமே! அப்போ அவருக்குச் சோறு பொங்கிப் போடுதது யாரு?”

“அவனுக்குப் பசிக்காதுளா.”

“உங்க நபி?”

“அவுக மனுசர். எங்களுக்கு உசுருதான், ஆனா சாமி இல்ல.”

ஒவ்வொன்றாகச் சரிந்தது. தாடி போயிற்று, திரை போயிற்று, காலடி போயிற்று. காலே இல்லாதவரின் காலடியில் வைக்க மடியில் ஒரு தோணியை வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள். “நான் யாருட்டளா கேப்பேன்?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். “எனக்கு அரபும் தெரியாதே!”

மீராக்கனி ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு இரண்டு கையையும் ஏந்தினாள். தமிழில்தான் கேட்டாள். “யா அல்லா, என் மாப்பிள்ளையையும் இவ வீட்டுக்காரரையும் கரை சேத்துரு.” இந்து ஆளுக்காகவும் அல்லாவிடம் கேட்கலாம் என்பதே செல்லக்கனிக்குப் புதுசு.

“அந்த வெள்ளிய வித்து, கஞ்சிக்கில்லாதவுகளுக்குக் குடு” என்றாள் மீராக்கனி. செல்லக்கனி அதை விற்று, ஊரை விட்டுப் போக வண்டியும் தெம்பும் இல்லாமல் கடற்கரையில் கிடந்த கிழடுகளுக்கு ஒரு வாரம் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள்.

சித்திரையில் மரைக்கார் தோணி வந்தது. பிச்சையா இறங்கினான், மெலிந்து, தாடி மண்டி, முழுசாக. செல்லக்கனி அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் அவளைத் தூக்காமல் நின்றான்.

“தண்டல் வரல” என்றான். “சரக்கு எறக்குதப்போ குண்டு விழுந்துச்சு. துண்டு பட்டு அங்கனயே போயிட்டாரு. கொழும்புலயே அடக்கம் பண்ணிட்டோம். எனக்கு ரெண்டடி முன்னால நின்னாரு, கனி.”

செல்லக்கனி கணக்குப் போட்டாள். இரண்டு உயிரைத்தான் கேட்டார்கள். ஒன்றுதான் வந்தது. யார் வெள்ளி கொடுத்தது? யார் கஞ்சி ஊற்றியது? தான் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அல்லா ஆளை மாற்றிவிட்டார் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. சொந்த ஆளை எடுத்துக்கொண்டு அந்நிய ஆளை அனுப்பியிருக்கிறார். இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. பிச்சையா வைதும் பார்த்தான், கெஞ்சியும் பார்த்தான். மூன்றாம் நாள் எழுந்து மீராக்கனி வீட்டுக்குப் போனாள்.

மீராக்கனி வெள்ளைச் சேலையில், இருட்டறையில் இத்தா இருந்தாள். புருஷன் போனால் அவர்களில் பெண்கள் சில மாதம் வெளியே வராமல் இருக்கிற முறை அது. செல்லக்கனி வாசலிலேயே விழுந்தாள்.

“என்னைக் கொல்லுளா. நாந்தான் உன் மாப்பிள்ளைய எடுத்துக் குடுத்தேன். உங்க அல்லா உன்னை விட்டுட்டு என்னைப் பாத்துட்டாரு.”

மீராக்கனியின் முகம் மாறியது. புருஷன் செத்த சேதிக்குக்கூட அவள் இப்படிக் கொதிக்கவில்லை என்று அங்கே இருந்த பெண்கள் பிறகு சொன்னார்கள்.

“வாய மூடு! என்ன பேச்சு பேசுத? ஒரு வெள்ளித் தகட்டுக்கு ஆளை மாத்திக் குடுக்க அவன் என்ன யாவாரியா? நீ குடுத்தது அவனுக்கா போச்சு? பட்டினி கெடந்தவுக வயித்துக்குப் போச்சு. என் மாப்பிள்ளைக்கு ஆயுசு அம்புட்டுத்தான்.”

“உங்க சாமிதானளா... உங்க ஆளைக் காக்க வேண்டாமா?”

“எங்க சாமின்னு ஆரு சொன்னா? எங்களுக்கு மட்டும்னு எழுதியா குடுத்திருக்கான்? உன்னைப் படைச்சது ஆரு, வேற ஒருத்தனா?”

அல்லாவுக்கு உருவம் இல்லை என்றதைக்கூடச் செல்லக்கனி ஒருவழியாகத் தாங்கிக்கொண்டாள். தன்னை ஐந்து வேளை கூப்பிடுகிறவளின் புருஷனுக்கும் தன் பேரே சரியாகத் தெரியாதவளின் புருஷனுக்கும் வித்தியாசம் பார்க்காத ஒன்றை எப்படித் தாங்குவது? அடிவயிற்றிலிருந்து ஒப்பாரி கிளம்பியது. அவள் ஊர் வழக்கம் அது. மாரில் அடித்து, போனவர் பேரைச் சொல்லி, தெருவே கேட்க அழ வேண்டும்.

“சத்தம் போட்டு அழாத, கனி” என்றாள் மீராக்கனி. குரல் உடைந்திருந்தது. “எங்கள்ல ஆகாது. கண்ணீரு வந்தா வரட்டும்.”

செல்லக்கனி முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்துத் துணியை எடுத்தாள்.

“இப்பவும் பாத்துக்கிட்டா இருக்காரு?”

“இருக்கான்.”

“பாத்துக்கிட்டு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?”

மீராக்கனி பாயில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.