மாசி போடாத சம்பல்

செய்தியைச் சொன்னது ஆஸ்பத்திரியும் அல்ல, துறை அலுவலகமும் அல்ல. நிசார் நானாதான் சொன்னார். பேராதனையில் கலஹா சந்திக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். சிறுநீரகம் கைவிட்ட பிறகு என் நண்பர் அருள்தாசன் டயலிசிஸுக்குப் போகிற நாட்களில், கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டைத் தானே கொண்டுபோய்க் கொடுத்து வந்தார். நான் விரிவுரையை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது தொலைபேசி அடித்தது.

"சேர், எங்க ஈக்கிறீங்க?" என்றார். "நான் சாப்பாட்டோட வாட்டுக்குப் போன. கட்டில்ல ஆள் இல்ல. நேர்ஸ் மிஸ்தான் சென்னாங்க. அருள் சேர் மௌத்தாப் பெய்ட்டார்."

இயந்திரத்தில் இருக்கும்போதே இரத்த அழுத்தம் விழுந்திருக்கிறது, இதயம் நின்றிருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது நிசார் நானா வாட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுப் பாத்திரம் மடியில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

இதை வாசிக்கிற பலருக்கு அருளைத் தெரியும். மாணவர்களுக்கு அவர் மண்ணைப் பற்றிப் படிப்பித்த விரிவுரையாளர். துறையில் உள்ளவர்களுக்குக் கூட்டங்களில் வாய் திறக்காதவர். நான் அவரைச் சாப்பாட்டு நேரத்தில் அறிந்தவன். ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்த எங்கள் இருவருக்கும் ஒரே அறையைத் தந்தார்கள். முதல் நாள் மதியம் நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த பார்சலை அவிழ்த்தேன். ஆட்டிறைச்சிப் பிரட்டல். கண்டி மஹய்யாவயில் எங்கள் வீட்டில் குடல் வரைக்கும் சமைப்பார்கள். அருள் எழுந்து, கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் போட்டார்.

"நீங்கள் சாப்பிடுங்கோ. நான் காத்துப் பக்கம் இருக்கிறன்."

"நீங்க வேதக்காரர்தானே? விரதமா?" என்று கேட்டேன். மேசையில் அவர் வைத்திருந்த சிறிய சிலுவையைப் பார்த்திருந்தேன்.

"ஓம், வேதம்தான். விரதம் இல்லை. எனக்கு ஒத்துவராது."

இறைச்சி, மீன், முட்டை, கருவாடு எதுவும் ஒத்துவராது. மறுநாளிலிருந்து நான் மரக்கறி கட்டிக்கொண்டு வந்தேன். சில நாட்களில் அதுவும் அலுத்துப்போய், இருவரும் சாப்பாட்டுக்கடை தேடிப் புறப்பட்டோம்.

கண்டியில் மரக்கறிச் சாப்பாடு கிடைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. நகரத்துக்குள் சைவக்கடைகள் இருக்கின்றன. ஆனால் பேராதனையிலிருந்து பஸ்ஸில் போய்ச் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் பின்னேர வகுப்பு தொடங்கிவிடும். பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள கடைகளில் பருப்பு, பூசணி, பொலோஸ் என்கிற பலாப்பிஞ்சுக் கறி, வல்லாரைச் சம்பல் எல்லாம் இருக்கும். பார்த்தால் மரக்கறிதான். உள்ளே மாசி இருக்கும். மாசிக்கருவாட்டை இடித்துத் தேங்காய்ச் சம்பலில் போடுவார்கள், பருப்பில் போடுவார்கள், சில இடங்களில் போஞ்சியிலும் போடுவார்கள். அதை மீன் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை, உப்பைப் போல அதுவும் ஒன்று. அதனால் அருள் ஒவ்வொரு கடையிலும் முதலில் கேட்பது "உம்பலகட தாலாத?" என்பதுதான். மாசி போட்டதா என்று அர்த்தம். அவருடைய சிங்களத்தில் பிழையில்லாமல் வந்த வசனம் அது ஒன்றுதான் என்று நான் கேலி செய்வேன்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மா, "இல்லை மாத்தயா, கொஞ்சம்தான்" என்றார். ஒரு சீனக் கடையில் மரக்கறிச் சோறு என்று தந்ததைக் கோழி அவித்த தண்ணீரில் வேகவைத்திருந்தார்கள். வெளிநாட்டுக்காரர் வருகிற ஓர் இடத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது. தட்டில் நான்கு இலைகளும் பாதி பீட்ரூட்டும் இருந்தன. வெளியே வந்ததும் அருள், "இனி எங்கயாவது சாப்பிடுவம்" என்றார். அவர் சிரித்ததை நான் பார்த்த சில தடவைகளில் அதுவும் ஒன்று.

கடைசியில் வாய்த்தது நிசார் நானாவின் கடை. அது கொத்துரொட்டிக்கும் மாட்டிறைச்சிக்கும் பேர்போன இடம். மழைக்கு ஒதுங்கித்தான் உள்ளே போனோம். அருள் வாசலோடு நின்றுகொண்டார். நானா காரணம் கேட்டார். நான் சொன்னேன். அருளுக்கு இறைச்சி ஏன் ஒத்துவராது என்று அவர் கேட்கவில்லை.

"சேர், நாளைக்குப் பகல் லுஹர் தொழுகைக்கு முந்தி வாங்க. அந்த நேரம் இறைச்சி அடுப்புல ஏறாது. ஒங்களுக்கு வேற சட்டி வாங்கி வைக்கிறேன். அதுல மத்தது ஒண்டும் படாது."

சொன்னபடி வாங்கி வைத்தார். இடியப்பமும் சொதியும், மாசி போடாத சம்பலும், கோவா வறையும், சில நாட்களில் கத்தரிக்காய் மோஜுவும் கிடைத்தன. அருளுக்கென்று தொடங்கியது கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிஸ்கட்டில் நாளை ஓட்டிக்கொண்டிருந்த சைவப் பிள்ளைகள், இந்தியாவிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள், புத்த பிக்குகள் இருவர் என்று அந்த நேரத்தில் பின்பக்க மேசைகள் நிறைந்துவிடும். யார் புதிதாக வந்தாலும் அருளே கூட்டிக்கொண்டு போவார். வழி சொல்லி அனுப்பமாட்டார். "பசியோட வழி தேடக்கூடாது" என்பார்.

அவர் ஏன் அப்படிச் சாப்பிட்டார் என்பதைக் கெட்டம்பேயில் ஒரு மாலையில் அறிந்துகொண்டேன். நல்ல மழை, வாகன நெரிசல். என் கார் நின்ற இடத்துக்கு நேரே ஒரு கடையில் கோழி சுட்டுக்கொண்டிருந்தார்கள். அருள் கண்ணாடியை ஏற்றினார். புகை அப்படியும் உள்ளே வந்தது. சட்டென்று கதவைத் திறந்து இறங்கி, மழைக்குள் நடந்து போய்விட்டார். காரை ஓரங்கட்டிவிட்டுத் தேடிப் போனேன். பஸ் தரிப்பிடத்தில் நனைந்தபடி நின்றார். அவராகவே சொன்னார்.

"சண்டையின்ர கடைசி நாளுகளில ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள்ள இருந்தனாங்கள். அம்மா, தங்கச்சி, தங்கச்சியின்ர பிள்ளை. நாங்கள் சாப்பிட்டுக் கனநாள். நான் தண்ணி எடுக்கப் போனனான். ஷெல் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பி ஓடி வாறன், கொட்டில் எரிஞ்சுகொண்டு நிக்குது."

ஒரு பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"காத்து என்ர பக்கம் அடிச்சுது. அந்த மணத்துக்கு எனக்குப் பசிச்சது. வயிறு பசிச்சது. அதுக்குப் பிறகுதான் அது என்ன மணமெண்டு எனக்கு விளங்கினது."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். அவரே ஒருமுறை அனுமதி தந்திருந்தார். "இருக்கேக்க சொல்லாதேங்கோ. ஆக்கள் பாவம் பாக்கிறதை என்னால தாங்க ஏலாது. போன பிறகு பாக்கட்டும்" என்றார்.

நாட்டில் எரிவாயு இல்லாமல் போன வருடத்தில் நாங்கள் கண்டுபிடித்த கடைகள் ஒவ்வொன்றாக மூடின. சில திறக்கவே இல்லை. நிசார் நானா மட்டும் விறகு மூட்டிச் சமைத்தார். புகையில் கண் சிவந்து, தினமும் ஒரே கறியோடு, சில நாள் பாணும் பருப்பும் மட்டும். அந்த நாட்களில்தான் அருளின் கால்கள் வீங்கின. வரிசையில் நின்று நின்று வந்தது என்று சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். முகமும் வீங்கிய பிறகே டொக்டரிடம் போனார். சிறுநீரகங்கள் இரண்டும் அதற்குள் சுருங்கிவிட்டிருந்தன.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிற ஒருவருக்கு அது கொடுமையான வியாதி. கீரை கூடாது, தக்காளி கூடாது, வாழைப்பழமும் இளநீரும் கூடாது, பருப்பு அளவோடு. தண்ணீரும் அளவோடு. இயந்திரத்தில் ஏறத் தொடங்கியதும் டொக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். உடம்பில் புரதம் நிற்கவில்லை, மீனாவது முட்டை வெள்ளைக்கருவாவது சாப்பிட்டே ஆகவேண்டும் என்றார்.

அன்று அருளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் மனைவி செல்வி முட்டையை அவித்து, மஞ்சள்கருவை எடுத்துவிட்டு, வெள்ளையைச் சிறிதாக நறுக்கி மிளகுத்தூள் தூவி வைத்தாள்.

"மருந்துன்னு நெனச்சுக்கங்க அண்ணே. கண்ண மூடிக்கிட்டு முழுங்குங்க."

"ஓம் தங்கச்சி. மருந்துதான்."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு துண்டு விழுங்கினார். மூன்றாவதை எடுத்துக் கையில் வைத்திருந்தார். பிறகு எழுந்து பின்பக்கம் போனார். குழாயடியில் அவர் வாந்தி எடுக்கிற சத்தம் நெடுநேரம் கேட்டது. செல்வி சமையலறையில் நின்று அழுதாள். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவளிடம்தான் மன்னிப்புக் கேட்டார்.

"முட்டையில ஒரு பிழையும் இல்லை தங்கச்சி. நீங்கள் நல்லாத்தான் செய்தனீங்கள். உடம்பு கேக்குதில்லை."

மாற்றுச் சிறுநீரகம் பற்றி டொக்டர் பேசியபோது, இரத்த உறவில் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். அருள் இல்லை என்று தலையாட்டினார். நான் பரிசோதிக்கப் போனேன். எனக்குச் சீனி வியாதி இருப்பது அங்கேதான் தெரியவந்தது. என்னுடையதை எடுக்க முடியாது என்றார்கள். நிசார் நானாவும் ஒருநாள் எங்களுக்குச் சொல்லாமல் போய்க் கேட்டிருக்கிறார். அவருடைய வயதைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு நானா செய்தது சமையல் மட்டும்தான். புடலங்காயையும் கோவாவையும் பொடியாக அரிந்து, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி அவிப்பார். உப்பு இல்லை, தேங்காய்ப்பால் பேருக்கு. வாட்டில் அதைத் திறந்து வைக்கும்போது அவருக்கு வெட்கமாக இருக்கும்.

"இத எப்பிடி சேர் சாப்பாடுண்டு செல்ற?"

"சூடா இருக்கு நானா. எனக்கு அது காணும்."

அடக்கம் மஹய்யாவ மயானத்தில் நடந்தது. மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஃபாதர் ஜெபத்தை முடித்துவிட்டு, முதல் மண் போட உறவினர் யாராவது முன்னால் வாருங்கள் என்றார். யாரும் அசையவில்லை. நிசார் நானா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஃபாதர் இன்னொரு முறை கேட்டார். அப்புறம் இருவரும் ஒன்றாகக் குனிந்து மண்ணை அள்ளினோம். ஈர மண். பெட்டியின் மேல் விழுந்தபோது கனமான சத்தம் வந்தது.

எங்கள் அறையில் அவருடைய இடத்தை அடுத்த மாதம் வேறொருவருக்குக் கொடுக்கப்போகிறார்கள். புத்தகங்கள் நூலகத்துக்குப் போய்விட்டன. அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது அவர் சொன்ன ஒரு கனவு.

இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு காலையில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தன் குடும்பம் முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித்த குடும்பம் என்பதை முதல்முறையாகச் சொன்னார். நான் ஆச்சரியப்பட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இப்ப அடிக்கடி ஒரு கனவு வருது. அப்பா கடலால வந்திட்டார். அம்மா ஒட்டி மீனில சொதி வச்சிருக்கிறா. தங்கச்சியின்ர பிள்ளை என்ர மடியில இருக்கு. அப்பா செத்ததுக்குப் பிறகு பிறந்த பிள்ளை அது, எண்டாலும் கனவில எல்லாரும் இருக்கினம். நான் முள்ளு எடுத்து எடுத்துப் பிள்ளைக்குத் தீத்துறன். நானும் சாப்பிடுறன். நல்லாப் பசிச்சுச் சாப்பிடுறன்."

பசித்துச் சாப்பிடுவதாக அவர் சொன்னபோது நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் பயம் இல்லை, வெட்கமும் இல்லை. அந்த முகத்தை நான் வைத்திருக்கிறேன்.