சுருளிவேல் பிரேக்கு

மகாராணி பெயரில்தான் மகாராணி. சனிக்கிழமைதோறும் ஏலக்காய் பறிக்க ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறுவாள்; மற்ற நாட்களில் போடியில் என்னோடு பாலிடெக்னிக். அவளிடம் வாய் கொடுத்து நான் ஜெயித்ததே இல்லை.

மதுரையில் ரோபோ போட்டி. ஆறு அட்டைப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சரியாமல் கோட்டைத் தாண்ட வேண்டும். திங்கட்கிழமை பாலிடெக்னிக் முதல்வர் முன்னால் செய்து காட்டினால்தான் அனுப்புவார்கள். எங்களுக்கோ கடைசி வருடம். அந்தப் போட்டிக்குப் போயே தீர வேண்டும் என்று மகாராணிக்கு வெறி.

எங்கள் ரோபோ நாலாவது பெட்டியில் அடுக்கைக் கவிழ்த்துவிடும். ஒவ்வொரு பெட்டியும் விரற்கடை விலகி உட்கார்ந்தால் என்ன ஆகும்? வேகத்தைக் குறைத்தோம். நிறைமாதக்காரி மாதிரி நடந்தது, அப்படியும் தள்ளியது. வெள்ளிக்கிழமை நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டேன்.

"ஆத்தா, என்னைய விட்ரு."

"போடா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். ஸ்க்ரூடிரைவரைப் பொறுக்கிக்கொண்டாள்.

மறுநாள் ஜீப்பில் நடந்ததை அவள் சொல்லித்தான் கேட்டேன். டிரைவர் சுருளிவேல் பதினாலு பேரை ஏற்றிவிட்டு, இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்.

"எங்கண்ணே உக்கார, உன் தலையிலயா?" என்று கூட வேலைக்குப் போகும் செல்லக்கிளி அக்கா கத்தினாராம்.

சுருளிவேல் பத்தடி ஓட்டி, சடாரென்று பிரேக் அடித்தார். எல்லோரும் முன்னால் சரிந்து ஒட்டிக்கொள்ள, பின்னால் ரெண்டு பேருக்கு இடம் வந்துவிட்டது. தினமும் செய்கிற அழிச்சாட்டியம்தான். தினமும் திட்டு வாங்குவார். அன்றைக்கு மகாராணி மட்டும் கூவினாளாம்:

"அண்ணே, இன்னொருக்கா அடிங்க!"

ஞாயிறு காலையில் எனக்குப் போன். "வெரசா வா. தகடு ஒண்ணு கொண்டா."

ரோபோவின் முன்பக்கம் தகட்டை நிறுத்தினோம். ஒவ்வொரு பெட்டி ஏறியதும் ரோபோவை ஒரு சாண் ஓடவிட்டு, சட்டென்று நிற்க வைத்தோம். பெட்டிகள் முன்னால் சறுக்கித் தகட்டில் முட்டி, நேராக நின்றன. நாலு. அஞ்சு. ஆறு! எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்றேன், அவள் நம்பவில்லை.

முதல்வர் அனுப்பினார். மதுரையில் இரண்டாம் பரிசு. இந்த முறைக்கு என்ன பெயர் என்று நடுவர் கேட்க, மகாராணி கூசாமல் சொன்னாள்:

"சுருளிவேல் பிரேக்குங்க சார்."

அந்தச் சனிக்கிழமை நானும் ஜீப்பில் போனேன். கேடயத்தை அவள் ஸ்டியரிங் முன்னால் வைத்து, விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்காடி எங்க இடுப்ப ஒடிச்சாரு?" என்றார் செல்லக்கிளி அக்கா. ஜீப்பே சிரித்தது.

சுருளிவேல் துண்டால் கேடயத்தைத் துடைத்தார். அப்புறம் வண்டியை எடுத்தார்.

"பிரேக்கு அடிங்கண்ணே!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

"அடிச்சா இது விழுந்துருமே" என்றார்.

அன்றைக்குப் போடிமெட்டு வரைக்கும் அந்த ஜீப்பு நிறைமாதக்காரி மாதிரி மலையேறியது.