லோவ்ரே இழுத்துப் போன படகு

லோவ்ரே கடற்கரைச் சாலையில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் இஸ்திரி போட்ட நீலச் சட்டையோடுதான் காலையில் ரொட்டி வாங்க வருவார். வெலெபித் மலையை ஒட்டிப் போகும் அந்தச் சாலையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் செங்குத்தாகக் கடல். குளிர்காலத்தில் தார்மேல் பனி உறைந்து கிடக்கும். பள்ளிப் பிள்ளைகளையும், வலி கண்ட பெண்களையும், ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களையும் அவர் அதில் ஏற்றி இறக்கியிருக்கிறார். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதைக் கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

கோடையில் அவருக்குப் பொழுதுபோக்கு, படகு இறக்கும் சரிவில் போய் நிற்பது. வெளியூர்க்காரர்கள் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளத் தெரியாமல் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை தலைநகர் ஸாக்ரெப்பிலிருந்து வந்த பல் டாக்டர் மூன்று தடவை முயன்றும் டிரெய்லர் கோணிக்கொண்டே போனது.

"டாக்டர், பல்லுன்னு நினைச்சு பிடுங்காதீங்க. அது தானா வரும்," என்றார் லோவ்ரே. சரிவில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். டாக்டரின் முகம் சிவந்துபோனது. பக்கத்தில் அவருடைய மகள் நின்றிருந்தாள்.

எங்கள் ஊரில் பெண்கள் ஆறு பேர் துடுப்புப் போடும் ஒரு மரப்படகு இருந்தது. கலேப் என்று பெயர்; கடற்காகம் என்று அர்த்தம். லோவ்ரேயின் மனைவி பெரினா மூன்றாவது துடுப்பு, நான் அவளுக்கு முன்னால். சுக்கான் பிடிப்பவள் ஸ்தென்கா. அவள்தான் எங்கள் தலைவி; மற்ற நாட்களில் மீன் வண்டி ஓட்டுகிறவள். அந்த ஆகஸ்டில் தெற்கே ஒரு துறைமுகத்தில் நடக்கும் போட்டிக்கு முதல்முறையாகப் பெயர் கொடுத்திருந்தோம். வசந்தம் தொடங்கியதிலிருந்து உள்ளங்கை கிழியப் பயிற்சி செய்திருந்தோம். படகை இழுத்துப் போக வேறு யாரைக் கேட்பது? லோவ்ரேயிடம் பெரிய கார் இருந்தது. கேட்காவிட்டால் கோபித்தும் கொள்வார்.

கிளம்புகிற காலையில் படகை டிரெய்லரில் ஏற்றினோம். படகின் முன்முனையான அணியம் டிரெய்லரின் முன்கம்பத்தில் முட்டி நின்றுவிட்டது. படகு பின்னால் நீண்டு தொங்கியது. பிறகு சாமான்கள். நங்கூரம், சங்கிலி, கூடாரக் கம்பிகள், தண்ணீர் கேன்கள், மீன் குழம்பு வைக்கிற இரும்புப் பானை, பெரினா வீட்டு ஒயின் நிறைந்த பெரிய கண்ணாடிக் குடுவை. பின்பக்கம் தாழ்ந்திருந்ததால் கைக்கு எட்டியது என்று எல்லாவற்றையும் அங்கேயே அடுக்கினோம். அடுக்கியவர்களில் நானும் உண்டு.

ஸ்தென்கா குனிந்து டிரெய்லரின் முன்நுனியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். கூடையைத் தூக்குவதுபோல வந்தது.

"பார்பா லோவ்ரே, மூக்கு ரொம்ப லேசா இருக்கே," என்றாள். வயதில் மூத்த ஆண்களை எங்கள் கரையில் பார்பா என்றுதான் கூப்பிடுவோம்.

"லேசா இருந்தா நல்லதுதானம்மா. என் காருக்கு இடுப்பு வலிக்காது."

"அந்தக் கம்பத்த கழட்டி முன்னாடி தள்ளினா படகு ஒரு முழம் முன்ன வரும். பானையும் கேனும் என் வண்டியில வந்துரட்டும்."

"நட்டு துரு பிடிச்சுக் கெடக்கு. அத கழட்டுறதுக்குள்ள அங்க போட்டி முடிஞ்சு பரிசும் குடுத்துருவான்." பிறகு எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "மீன் வண்டி ஓட்டுறவ பஸ் ஓட்டுனவனுக்குப் பாடம் நடத்துறா, பாருங்க."

நாங்கள் சிரித்தோம். ஸ்தென்கா கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தன் வண்டியில் ஏறினாள்.

டிரெய்லரின் முன்நுனி காரின் கொக்கியில் ஓரளவு கனமாக அழுந்தி உட்கார வேண்டும். பாரம் பின்னால் கூடினால் முன்நுனி மேலே எழப் பார்க்கும், வேகம் பிடித்ததும் வால் ஆடும், வால் ஆடினால் காரையும் சேர்த்து ஆட்டும். படகு வைத்திருக்கிற எவருக்கும் இது தெரியும். லோவ்ரேக்கும் தெரியும். தெரிந்துதான் கிளம்பினார்.

காரில் அவரும் பெரினாவும். பின்னால் மீன் வண்டியில் ஸ்தென்காவோடு நாங்கள். மேட்டில் ஏறும்வரை ஒன்றுமில்லை. பெரிய வளைவு தாண்டிச் சாலை இறங்க ஆரம்பித்ததும் படகின் பின்பக்கம் மெல்ல இடமும் வலமும் அசைந்தது, நாய் வாலாட்டுவதுபோல. அடுத்த அசைவு இன்னும் அகலமாக இருந்தது.

"பிரேக்க தொடாதீங்க," என்று ஸ்தென்கா முணுமுணுத்தாள். "கால மட்டும் எடுங்க பார்பா. பிரேக்க தொடாதீங்க."

காரின் சிவப்பு விளக்குகள் எரிந்தன. டிரெய்லர் காரை ஒருபக்கமாகத் தள்ளியது. கார் குறுக்காகத் திரும்பி நின்றது. டிரெய்லர் புரண்டது. கலேப் வார்களை அறுத்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதிப் பிளந்தது. எதிரில் வண்டி எதுவும் வரவில்லை. கடல் பக்கம் சாயாமல் பாறைப் பக்கம் சாய்ந்ததால் இருவரும் பிழைத்தார்கள். பெரினாவுக்கு நெற்றியில் காயம். சாலை முழுக்க ஒயின் வாசனை. இரும்புப் பானை மட்டும் சரிவில் உருண்டு போய்க்கொண்டே இருந்தது.

வந்த போலீஸ்காரர் சிறுவயதில் லோவ்ரேயின் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர். தொப்பியைக் கழற்றிவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்.

"பார்பா, புரா தள்ளிருச்சா?"

புரா என்பது மலையிலிருந்து இறங்கிக் கடலில் விழும் எங்கள் ஊர்க் காற்று. லாரியையே கவிழ்க்கும். அன்று காலை அது இல்லவே இல்லை. சாலையோரப் புல்கூட அசையாமல் நின்றது.

லோவ்ரே மலையைப் பார்த்தார். "ஆமா," என்றார்.

அவர் சொன்னதை நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஸ்தென்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரினா நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போலீஸ்காரர் புரா என்று எழுதிக்கொண்டு போனார்.

அவருக்குத் தண்டனை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஊர் அவரைக் கொண்டாடியது. அத்திப்பழமும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள். காப்பிக்கடையில் அவரைக் காசு கொடுக்க விடவில்லை. "புராவோட யாரு மல்லுக்கட்ட முடியும்? வேற ஆளா இருந்தா பெரினா இன்னிக்கு இருந்திருக்க மாட்டா," என்று தோளைத் தட்டினார்கள். லோவ்ரே காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார். அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் கடைக்கு வருவதையே நிறுத்தினார். ரொட்டி வாங்கப் பெரினா வந்தாள்.

அவள் பின்னாளில் என்னிடம் சொன்னது இது. வீட்டில் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சமைத்தாள், தட்டு வைத்தாள். ஒருநாள் அவரே தாங்காமல் கேட்டிருக்கிறார்.

"ஏதாச்சும் சொல்லித் தொலையேன். திட்டவாவது செய்."

"நான் என்னத்த சொல்ல? நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். காத்து அடிச்சா எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?"

"அது என் வாயிலருந்து வர வேண்டியது இல்ல லோவ்ரே," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாளாம்.

இலையுதிர் காலத்தில் புதுப் படகு பற்றிப் பேச மீனவர் சங்கக் கூடத்தில் ஊர் கூடியது. பாதிரியார் எழுந்து, மனைவியைக் காப்பாற்றிய ஓட்டுநருக்கு முதலில் ஒரு கைதட்டல் என்றார். எல்லாரும் தட்டினார்கள். படகுப் பெண்கள் நாங்கள் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தோம். அது லோவ்ரேயின் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

லோவ்ரே எழுந்தார். நீலச் சட்டை கசங்கியிருந்தது.

"தட்டாதீங்க," என்றார். "அன்னிக்குக் காத்து இல்ல. பாரமெல்லாம் பின்னாடி இருந்துச்சு. ஸ்தென்கா சொன்னா. நான் அவள கிண்டல் பண்ணேன். அப்புறம் பிரேக்க மிதிச்சேன், நேத்து வண்டி கத்துக்கிட்டவன் மாதிரி. போலீஸ்கிட்ட பொய் சொன்னேன்."

யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்து. பிறகு அதுவும் அடங்கியது. எங்களில் இளையவளான யாத்ரான்கா எழுந்தாள்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னிக்கே மன்னிச்சிருப்போம் பார்பா. இத்தன நாளு ஊர்க்காரங்க முன்னால எங்களையும் பொய் சொல்ல வச்சிட்டீங்க."

அவர் தலையை ஆட்டினார். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது ஸ்தென்கா தன் இடத்திலிருந்தபடியே சொன்னாள்:

"நானும்தான் தூக்கிப் பாத்தேன். லேசா இருக்குன்னு தெரிஞ்சும், கேலி பண்ணிட்டாரேன்னு ரோஷத்துல வண்டி ஏறிட்டேன். ஆறு பொம்பளைங்க படகு அது. நான் மறிச்சு நின்னிருக்கணும்."

அந்தப் பேச்சு அவரை லேசாக்கவில்லை. இன்னும் குனிய வைத்தது. மறுநாள் பஸ் ஏறிப் போலீஸ் நிலையத்துக்குப் போனார். அந்தப் போலீஸ்காரர் கூச்சத்தோடு, "எழுதினது எழுதினதாவே இருக்கட்டும் பார்பா," என்றாராம். இவர் விடவில்லை. மாற்றி எழுதினார்கள். அபராதம் வந்தது, சில மாதங்களுக்கு உரிமத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வந்தார் என்று அதை ஓட்டியவன் சொன்னான்.

புதுப் படகு அடுத்த கோடையில் வந்தது. போட்டிக்குக் கிளம்பும் நாளுக்கு முன்பே ஸ்தென்கா டிரெய்லர் கம்பத்தின் துருப்பிடித்த நட்டுகளை மாற்றி, அதை முன்னால் தள்ளியிருந்தாள். படகு முன்னால் நகர்ந்து, கனமான நடுப்பகுதி சக்கரங்களுக்குச் சற்று முன்னே உட்கார்ந்தது. சாமான்களை மீன் வண்டிக்குள் ஏற்றினோம். முன்நுனியின் அடியில் கட்டையும், அதன் கீழே பெரினா வீட்டு எடை பார்க்கும் மெஷினும் வைத்தோம். கனம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஸ்தென்கா கேட்டபோது, தள்ளி நின்றிருந்த லோவ்ரேதான் பதில் சொன்னார்.

"மொத்த பாரத்த நூறா பிரிச்சா அதுல ஆறேழு பங்கு மூக்குல நிக்கணும். ரொம்ப ஏறினாலும் இழுக்கிற வண்டியோட முன்சக்கரம் ரோட்டப் பிடிக்காது."

சொல்லி முடித்ததும் அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. ஸ்தென்கா ஒரு தண்ணீர் கேனை எடுத்துப் படகின் முன்பக்கம் வைத்து மறுபடி எடை பார்த்தாள். சரியாக வந்தது. இந்தத் தடவை டிரெய்லரை இழுக்கப்போகும் மீன் வண்டியின் சாவியை அவரிடம் நீட்டினாள். அதற்குள் அவர் கையில் உரிமம் திரும்பி வந்திருந்தது.

"ஓட்டுறீங்களா?"

"வேண்டாம்மா."

அவள் இரண்டாம் தடவை கேட்காமல் தானே ஓட்ட உட்கார்ந்தாள். லோவ்ரே எங்களோடு பின்னால் ஏறி, ஐஸ் பெட்டிக்கும் கூடாரக் கம்பிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். பெரிய வளைவு வந்தபோது பேசிக்கொண்டிருந்த நாங்கள் எங்களை அறியாமல் பேச்சை நிறுத்தினோம். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி அலுங்காமல் கீழே இறங்கியது.