குடைத்துணிப் பாவாடை கட்டிய ரோபோ

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் இருந்த இன்னொரு கல்லூரியில் ரோபோ போட்டி. வெள்ளைத் தளத்தில் ஒட்டிய கறுப்புக் கோட்டை, அடியில் இருக்கும் சென்சார் கண்ணால் பார்த்துப் பிடித்துக்கொண்டே வண்டி தானாக ஓட வேண்டும்.

எங்கள் அணி முழுக்கப் பெண்கள். முதல் சுற்றைத் தாண்டினால்தான் சனிக்கிழமைகளில் லேபைத் திறந்துவிடுவேன் என்று துறைத்தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பரிசைவிட எங்களுக்கு அந்த லேப்தான் பெரிது.

லேபில் சமர்த்தாக ஓடிய வண்டி, அங்கே ஒத்திகையில் தறிகெட்டு ஓடியது. கோடு ஒரு பக்கம், அது ஒரு பக்கம். நான் கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர்களின் குடியிருப்பான அணுபுரத்தில் வளர்ந்தவள். என்ஜினீயர் மகள் என்கிற மிதப்பு வேறு. குனிந்த தலை நிமிராமல் சர்க்யூட்டையே குடைந்துகொண்டிருந்தேன். எங்கள் அணியில் இருந்த படாளத்துத் தோழிதான் சுற்றுமுற்றும் பார்த்தாள். அரங்கின் கடல் பக்கம் முழுக்கத் திறப்பு. காலை வெயில் தளத்தில் பளீரென்று அடித்தது. நாங்கள் பழகியதெல்லாம் ஜன்னல் சாத்திய லேபில், டியூப்லைட் வெளிச்சத்தில்.

"நமக்கே கண்ணு கூசுது, அதுக்கு இன்னாடி தெரியும்? சுத்தி துணி கட்டி வுடு" என்றாள்.

கறுப்புத் துணிக்கு எங்கே போவது? அம்மா வம்படியாகக் கொடுத்தனுப்பிய என் புதுக் குடைதான் அகப்பட்டது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டினேன். வண்டியைச் சுற்றிக் கட்டப் பாவாடை போலத் தைத்து முடிப்பதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்களுக்கு அடுத்து ஓட வேண்டியவர்கள், முன்பின் தெரியாத செங்கல்பட்டுப் பையன்கள். "நாங்க முன்னாடி போறோம், நீங்க தச்சுகினு வாங்க" என்று சொல்லி, நடுவரிடம் பேசி முறையை மாற்றிக்கொண்டார்கள். போன வேகத்தில் அவர்கள் வண்டியும் வெயிலில் வழி தெரியாமல் நின்றது.

எங்களுடையது பாவாடை தரையைத் தடவ, ஆடி அசைந்து, கோட்டை விடாமல் போய்ச் சேர்ந்தது. அரங்கமே சிரித்தது. நானும்தான்.

ஒவ்வொரு அணிக்கும் இன்னொரு வாய்ப்பு உண்டு. தோழி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பாவாடையைக் கழற்றி அந்தப் பையன்களிடம் நீட்டினாள். வேகமாக முடிக்கும் சில அணிகளுக்குத்தான் அடுத்த சுற்று. முறைத்தேன்.

"அவங்க வழி வுட்டாங்க இல்ல? அப்புறம் இன்னா?" என்றாள்.

அவர்கள் வண்டி எங்களுடையதைவிட வேகமாகவே ஓடியது. வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசி வளைவில் அது திணறித் திரும்பியபோது என்னை அறியாமல் எழுந்து கைதட்டிக்கொண்டிருந்தேன்.

தேர்வான அணிகளை வாசித்தார்கள். அவர்கள் பெயர் முன்னால் வந்தது. எங்கள் பெயர் கடைசியில் வந்தது. கட்டிப்பிடித்துக் குதித்தோம். சனிக்கிழமை லேப் எங்களுக்கே. இறுதிச் சுற்றில் இரண்டு அணியும் மண்ணைக் கவ்வியது வேறு கதை.

போட்டி என்றாலே அடுத்தவர் தோற்க வேண்டும் என்று நினைத்திருந்த எனக்கு, நாங்கள் தைத்த ஒன்று எதிரணி வண்டியில் ஓடுவதைப் பார்த்ததுதான், என்ஜினீயராகக் கிடைத்த முதல் சந்தோஷம்.